நாலரை மணிப் பதிவு

பதிவர் மாநாடுகளைப் பற்றி உண்மையை எழுதுகிற ஒரே ஆள் என்று என்னைச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது இருக்கட்டும், நானே என் பிளாக்கின் தலையில் ஏறக்குறைய அப்படித்தான் போட்டு வைத்திருந்தேன். 'கடைசி வரிசை' என்று பெயர். அதற்குக் கீழே ஒரே வரி: பார்த்ததை மட்டும் எழுதுவேன்.

பிரிஸ்பேனுக்குப் பக்கத்தில் இப்ஸ்விச்சில் ஒரு சின்னப் பத்திரிகையில் பன்னிரண்டு வருடம் நீதிமன்றச் செய்தி எழுதியவள் நான். பத்திரிகை மெலிந்துகொண்டே வந்து ஒருநாள் என்னையும் வீட்டுக்கு அனுப்பியது. அதன் பிறகுதான் பிளாக். ஊரே சமையலையும் பிள்ளை வளர்ப்பையும் எழுதியபோது, அப்படி எழுதுகிறவர்கள் கூடும் மாநாடுகளை நான் எழுதினேன். வாசலுக்குப் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்காருவேன். எத்தனை நாற்காலி காலி, பேச்சின் நடுவே எத்தனை பேர் எழுந்து போனார்கள், வாசகரை மூன்று மடங்காக்கச் சொல்லிக் கொடுத்தவருக்குச் சொந்தமாக ஒரு பிளாக்காவது இருக்கிறதா, எல்லாம் எழுதுவேன். மேடையில் 'உண்மையாக இருங்கள்' என்று எத்தனை தடவை சொன்னார்கள் என்பதற்குத் தனிக் கணக்கு உண்டு. மெல்பர்னில் ஒரே நாளில் நாற்பத்தோரு தடவை. அதை இன்னும் யாரும் மிஞ்சவில்லை.

நாலாயிரம் பேர் படித்தார்கள். பெரும்பாலும் கைக்குழந்தையோடு வீட்டில் கிடந்து, வருடத்துக்கு ஒரே ஒரு தடவை வெளியே போக வாய்க்கிற பெண்கள். எந்த மாநாட்டுக்குப் போகலாம் என்று என்னைப் படித்துவிட்டுத்தான் முடிவு செய்வார்கள். அதில் எனக்குக் கர்வம் இருந்தது.

போன வருடம் கோல்டு கோஸ்டில் டேமியன் என்பவன் நடத்திய மாநாட்டை எழுதினேன். அறுநூறு பேர் என்று விளம்பரம். நான் தலை எண்ணியபோது இருநூற்றுப் பதினான்கு. எழுதிய மறுவாரமே அவனுடைய பெரிய ஸ்பான்சர் கழன்றுகொண்டது. திட்டி எழுதுவான் என்று காத்திருந்தேன். அவனோ இந்த வருட மாநாட்டுக்கு என்னை அதிகாரபூர்வப் பதிவராக வரச் சொன்னான். நுழைவு இலவசம், தங்குவதற்குக் கடலைப் பார்த்த அறை. என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள், ஒரு வார்த்தையைத் தொட மாட்டேன் என்றான். மூன்று வருடமாக, வாடகை மலிவு என்று கேரவன் பூங்காக்களில் படுத்து எழுந்து எழுதியவள் நான். போனேன். சப்பைக்கட்டு கட்ட விரும்பவில்லை, ஆசையாகத்தான் இருந்தது.

அவன் கேட்டது ஒன்றே ஒன்று. சனிக்கிழமை மாலை நாலே காலுக்கு நிறைவுரை முடியும். நாலரைக்கு 'மாநாட்டின் நிறைவு' என்ற என் பதிவு வந்துவிட வேண்டும். அந்த நொடியே இணைப்பு எல்லாருக்கும் மின்னஞ்சலில் போகும், மேடைத் திரையிலும் வரும். கூட்டம் கலைவதற்குள் வந்தால்தான் படிப்பார்கள் என்றான்.

கால் மணி நேரத்தில் பதிவு எழுத முடியாது. அதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வழி இருக்கிறது. எல்லாரும் செய்வார்கள், யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். பேச்சாளர் திரையில் காட்ட அனுப்பி வைத்த படவரிசையை முன்கூட்டியே வாங்கி, அதைப் பார்த்து முந்தைய நாளே பதிவை எழுதி, நேரம் குறித்து வைத்துவிடுவது. நேரம் வந்ததும் அது தானாக ஏறிவிடும். ட்வீட்டும் அப்படித்தான். உரையைக் கேட்டு உருகிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஊர் நினைக்கும்போது, எழுதியவர்கள் கழிப்பறை வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள். இதைக் கிண்டல் செய்து நான் மூன்று பதிவு போட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நானும் அதைச் செய்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பெவ். ராக்ஹாம்டனிலிருந்து வருகிறவள், கேக்கைப் பற்றி எழுதுகிறவள், எல்லா மாநாட்டிலும் என் பக்கத்து நாற்காலி அவளுக்குத்தான். என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வாடி வா. கடைசியில வழிக்கு வந்துட்டியா?" என்றாள். "நான் பதினாலு ட்வீட் போட்டு வெச்சாச்சு. நாளைக்கு டீகன் பேசறப்போ அழறதுக்குன்னே தனியா ஒண்ணு இருக்கு. நாலு பத்துக்கு அழுவேன்."

நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நிறைவுரை டீகனுடையது. டூவூம்பாக்காரி, முப்பத்து நாலு வயது. அவள் பையனுக்கு ஏழு வயது, ரத்தப் புற்றுநோய். 'ஆர்லோவின் காலை' என்ற அவளுடைய பிளாக்கில் தினம் ஒரே ஒரு படம் வரும், பையனின் காலைச் சாப்பாட்டுக் கிண்ணம். கீழே அன்றைக்கு எவ்வளவு சாப்பிட்டான், என்ன சொன்னான் என்று இரண்டே வரி. பையனின் முகத்தை அவள் காட்டியதில்லை. ஆர்லோ என்பதும் பிளாக்குக்காக வைத்த பெயர்தான், பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் வைப்பார்கள். படத்தில் கிண்ணமும், பக்கத்தில் நீலப் பிடி போட்ட ஒரு சின்னக் கரண்டியும் மட்டும் இருக்கும். "பாதி வாழைப்பழம் சாப்பிட்டான். மீதிப் பாதி டாக்டருக்காம்." இந்த மாதிரி. பன்னிரண்டாயிரம் பேர் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

காலை உணவு விற்கிற கம்பெனி ஒன்று அவளைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. இந்த வருடம் டேமியனுக்குக் கிடைத்த புது ஸ்பான்சரும் அதே கம்பெனிதான். அவளுடைய உரை அவர்கள் வழங்குவது.

ஜூன் இருபதாம் தேதி பிரிஸ்பேனில் பையனுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றினார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருப்பதாகத்தான் கிண்ணங்கள் சொல்லின. அவள் அனுப்பிய படவரிசையின் கடைசிப் படத்தில் 'ஆர்லோ வீட்டுக்கு வருகிறான்' என்று இருந்தது. அதைப் பார்த்து நான் எழுதினேன்: "டீகன் பேசி முடித்தபோது அரங்கம் மொத்தமும் எழுந்து நின்றது. ஆர்லோ வீட்டுக்கு வருகிறான் என்று சொன்னபோது அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் கேட்டேன்."

கேட்டேனாம். சனிக்கிழமை, மாலை நாலரை என்று குறித்துவிட்டு மடிக்கணினியை மூடினேன்.

மறுநாள் காலை ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் டீகனைப் பார்த்தேன். ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். சாம்பல் கோடு போட்ட கைத்துணியை மேஜையில் விரித்து, அதன் மேல் கிண்ணத்தை வைத்து, இரண்டு கோதுமை பிஸ்கட்டை உடைத்துப் போட்டுப் பால் ஊற்றினாள். வாழைப்பழத்தை ஐந்து வில்லையாக நறுக்கி மேலே அடுக்கினாள். பிறகு கிண்ணத்தில் பாதியை வேறொரு தட்டில் வழித்துக் கொட்டினாள். கைப்பையைத் திறந்து நீலப் பிடிக் கரண்டியை எடுத்துக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்தாள். பையன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், அவன் ஞாபகத்துக்குக் கரண்டியை எடுத்து வந்திருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டு, நான் முட்டையை வாங்கப் போனேன்.

பத்து மணிக்கு முதல் அமர்வு. 'உண்மையாக இருங்கள்' ஆறு தடவை வந்திருந்தது. அலுப்பில் போனைத் திறந்து 'ஆர்லோவின் காலை'யைப் பார்த்தேன். சாம்பல் கோடு போட்ட துணி, பாதிக் கிண்ணம். கீழே எழுதியிருந்தாள்: "இன்றைக்குப் பாதி. மீதியை நர்சுக்குக் கொடுக்கச் சொன்னான்."

நீதிமன்றத்தில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்த கண் சும்மா இருக்காது. பழைய கிண்ணங்களை ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். பையன் இடது கைக்காரன் என்று அவளே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறாள். இரண்டு வருடப் படங்களிலும் கரண்டி கிண்ணத்தின் இடது பக்கம்தான். ஜூலை கடைசியிலிருந்து வலது பக்கம். எழுந்து வெளியே போனேன்.

கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குப் பால் கொடுப்பதற்கென்று எங்கள் மாநாடுகளில் ஓர் அறை விடுவார்கள். டீகன் அங்கே இருந்தாள். வேறு யாரும் இல்லை. தாழ்வான சோபாவில், துணி மாற்றும் மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"டீகன், பையன் எங்கே?" என்று கேட்டேன்.

அவள் திடுக்கிடவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவளைப் போலத்தான் என்னைப் பார்த்தாள்.

"ஜூலை ஒன்பது," என்றாள். "போயிட்டான்."

மஜ்ஜை மாற்றிய பத்தொன்பதாம் நாள், கிருமி தொற்றி. அவள் அதை விவரமாகச் சொன்னாள், நான் அதை இங்கே எழுதப் போவதில்லை. சிகிச்சைக்குப் போவதற்கு முன்னால் நாற்பது நாளைக்கு வேண்டிய கிண்ணங்களை அவள் படம் பிடித்து நேரம் குறித்து வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் எழுத நேரம் இருக்காது என்று பதிவர்கள் எல்லாரும் செய்வதுதான், பிரசவத்துக்குப் போகிறவர்கள்கூட அப்படி வைத்துவிட்டுத்தான் போவார்கள். பையன் இறந்த மறுநாள் காலை ஆறரைக்குக் கிண்ணம் தானாக ஏறியது. 'முழுசும் சாப்பிட்டான்' என்று இருந்தது. சமர்த்து, தங்கம் என்று முந்நூறு பேர் கீழே எழுதியிருந்தார்கள். அவள் அப்போது பையனுக்குச் சவப்பெட்டி பார்க்கிற கடையில் நின்றுகொண்டிருந்தாள். அங்கேயே நின்று முந்நூறையும் படித்தாளாம். நிறுத்தக் கை வரவில்லை. நாற்பதும் தீர்ந்த பிறகு தினமும் ஒரு கிண்ணம் செய்யத் தொடங்கிவிட்டாள்.

"பன்னெண்டாயிரம் பேரு காலைல எந்திரிச்சு அவன் சாப்ட்டானான்னு கேக்கறாங்க மெரின்," என்றாள். "வீட்ல யாரும் கேக்கறதில்ல. அவன் அப்பா ஷேன் ஒரே வாரத்துல சுரங்க வேலைக்குத் திரும்பிப் போயிட்டான். பையன் பேரைச் சொன்னாலே போனை வெச்சிடறான்."

இது வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். டேமியனுக்கு என்றாள். திங்கட்கிழமை அவனைக் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லி, என்னால் வர முடியாது என்றிருக்கிறாள். அவன், கம்பெனிக்காரர்கள் கிண்ணத்தின் படம் போட்டு அட்டை அடித்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறான். வந்து படவரிசையில் உள்ளதை உள்ளபடி பேசிவிட்டுப் போ, அடுத்த வாரம் மெல்ல ஒரு பதிவில் சொல்லிக்கொள்ளலாம், நானூறு பேருக்கு நம்பிக்கை கொடுத்ததாக நினைத்துக்கொள் என்றும் சொல்லியிருக்கிறான்.

"அவனை மட்டும் சொல்லாதே," என்றாள் டீகன். "எனக்கும் அது வேண்டியிருந்தது. பையன் வீட்டுக்கு வர்றான்னு ஒரே ஒரு தடவை எல்லார் முன்னாடியும் சத்தமா சொல்லணும் போல இருந்துச்சு."

அந்த இடத்தில் ஒரு மனுஷி அவளைக் கட்டிக்கொண்டிருப்பாள். எனக்கு வந்ததோ கோபம். டேமியன் மேல் வந்த கோபம், எதிரே இருந்தவள் மேல் போய் விழுந்தது.

"மேடையில நீ அப்படிச் சொன்னா நான் எழுதுவேன் டீகன். இன்னிக்குக் காலைல பார்த்ததை எழுதுவேன். கிண்ணம், கரண்டி, கொட்டுன பாதி, எல்லாத்தையும்."

அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உனக்கென்ன," என்றாள். "பார்த்ததை எழுதுனா உன் வேலை முடிஞ்சுது."

டேமியனைக் காப்பி மேஜைக்குப் பக்கத்தில் பிடித்தேன். அவன் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், இன்னும் ஐந்து மணி நேரம் பொறு, அதற்குப் பிறகு என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொள் என்று கெஞ்சினான். செத்த பிள்ளையை வைத்து நுழைவுச் சீட்டு விற்றிருக்கிறாய் என்றேன். அப்போது அவன் கெஞ்சுவதை நிறுத்தினான்.

"நானா வித்தேன்? ஒரு மாசமா அவதான் தினம் காலைல வித்துக்கிட்டிருக்கா. நான் மேடை குடுத்தேன், அவ்வளவுதான். நீ ஒண்ணும் ரொம்ப யோக்கியம் பேசாதே, அம்மா தாயே. ராத்திரி யாரு குடுத்த கட்டில்ல தூங்குன?"

அந்த ஆத்திரத்தோடு ஒரு மூலையில் போய் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். சாப்பாட்டு நேரம் முழுவதும், அதற்குப் பிறகு வந்த இரண்டு அமர்வு முழுவதும், டேமியனைப் பற்றி எழுதினேன். பன்னிரண்டு பக்கம். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாக எழுதியதில்லை. ஒவ்வொரு வரியும் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எழுதும்போது சந்தோஷமாக இருந்தேன். நாலரை மணிக்கு ஏறக் காத்திருந்த என்னுடைய பதிவு ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. அடுத்தவர்களின் பொய்யை எழுதுகிற மும்முரத்தில் என் பொய்யை மறந்தே போனேன்.

டீகனின் உரை மூன்றரைக்குத் தொடங்கியிருக்க வேண்டும். எங்கள் மாநாடுகளில் எது நேரத்துக்கு நடந்திருக்கிறது? அதற்கு முந்தைய அமர்வு இழுத்தது, காப்பி இயந்திரத்துக்குக் குலுக்கல் நடந்தது, குலுக்கலில் ஜெயித்தவளைக் காணவில்லை என்று மறுபடி குலுக்கினார்கள். டீகன் மேடைக்கு வந்தபோது மணி நாலு ஐந்து. தலை எண்ணினேன், முந்நூற்றெண்பது. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு சின்னப் பொட்டலமும், கிண்ணம் அச்சடித்த அட்டையும் வைத்திருந்தார்கள். அவளுக்குப் பின்னால், சுவரளவுத் திரையில், மாநாட்டைப் பற்றி வருகிற ட்வீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன.

படவரிசையை ஓட்டும் கருவியை அவள் கையில் எடுக்கவே இல்லை.

"அவன் பேரு ஆர்லோ இல்ல," என்றாள். "ஹேமிஷ். ஜூலை ஒன்பதாம் தேதி செத்துட்டான். அதுக்கப்புறம் நீங்க பார்த்த கிண்ணம் எதையும் அவன் சாப்பிடல."

அரங்கத்தில் ஒரு பொட்டலம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. அவள் சவப்பெட்டிக் கடையைச் சொன்னாள், முந்நூறு வாழ்த்தைச் சொன்னாள், மிச்சம் வைத்ததுபோல் பாதியைக் கொட்டுவதைச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் திரை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாலு பத்துக்கு பெவ் வந்தாள்: "டீகனின் பேச்சைக் கேட்டுக் கண்ணீர் நிற்கவில்லை! எத்தனை நம்பிக்கை!" அதன் பின்னால் இன்னும் நிறையப் பேர் வந்தார்கள். நெகிழ்ந்தேன், சிலிர்த்தேன், ஆர்லோவுக்கு முத்தங்கள். கம்பெனியும் வந்தது: "ஆர்லோ வீட்டுக்கு வருகிறான்! அவன் கிண்ணத்தில் நாங்கள். உங்கள் கிண்ணத்தில்?" என் பக்கத்தில் பெவ் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். ட்வீட்டை அழிக்கப் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தாள், முடியவில்லை. டேமியன் சுவரோரமாக ஓடினான். திரையை இயக்குகிற ஆள் வெளியே புகை பிடிக்கப் போயிருந்தான்.

இருபத்தைந்து நிமிடம் பேசினாள். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. நான் பார்த்த மாநாடுகளில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை என்று நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது முந்நூற்றெண்பது போனும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன.

திரையில் என் முகம் வந்தது. சிரித்த முகம். பக்கத்தில் பெரிய எழுத்தில் 'மாநாட்டின் நிறைவு: கடைசி வரிசையிலிருந்து மெரின்'. அதன் கீழே, "டீகன் பேசி முடித்தபோது அரங்கம் மொத்தமும் எழுந்து நின்றது. ஆர்லோ வீட்டுக்கு வருகிறான் என்று சொன்னபோது அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை..."

எல்லார் கண்ணும் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்து டீகன் பேச்சை நிறுத்தினாள். திரும்பி நின்று படித்தாள். அவசரப்படாமல் கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, வாசலோரத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"நீயும் முன்னாடியே எழுதி வெச்சிட்டியா, மெரின்?" என்று ஒலிபெருக்கியில் கேட்டாள்.

குரலில் கோபம் இல்லை. ஒரே வேலை செய்கிற இருவர் பேசிக்கொள்வதுபோலத்தான் கேட்டாள். முந்நூற்றெண்பது தலையும் என் பக்கம் திரும்பின. நான் எழுந்தேன். மேடைக்குப் போய் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றுதான் எழுந்தேன். கால் வாசல் பக்கம் போயிற்று. அன்றைக்கு அந்த உரையின்போது எழுந்து போனவர் ஒருவர்.

இதோடு முடிந்திருந்தால் அவமானம் எனக்கு மட்டும்தான். தாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் என் பதிவு மின்னஞ்சலில் அரங்கத்துக்கு வெளியே என் வாசகர்கள் நாலாயிரம் பேருக்கும் போயிருந்தது. பையன் வீட்டுக்கு வருகிறான் என்று அவர்கள் குதூகலித்தார்கள். அறைக்குப் போய் அழிப்பதற்குள் எழுநூறு பேர் அதை எடுத்துப் பகிர்ந்திருந்தார்கள். ராத்திரிக்குள் பையன் இறந்த செய்தியும் பரவியது. இரண்டையும் சேர்த்து வைத்து ஊர் ஒரு முடிவுக்கு வந்தது: செத்த பிள்ளை வீட்டுக்கு வருகிறான் என்று டீகன் அன்றைக்கு மேடையில் நின்று பொய் சொல்லி, கூட்டத்தையே எழுந்து கைதட்ட வைத்திருக்கிறாள்.

அப்படி இல்லை, உண்மையைச் சொல்லத்தான் அவள் மேடை ஏறினாள் என்று அரங்கத்தில் இருந்தவர்கள் சிலர் எழுதினார்கள். எழுதியவர்களின் முந்தைய ட்வீட்டை எடுத்து அவர்கள் முகத்திலேயே எறிந்தார்கள்: நெகிழ்ந்தேன், சிலிர்த்தேன், ஆர்லோவுக்கு முத்தங்கள். என் பதிவைத்தான் எல்லாரும் பெரிய சாட்சியாகக் காட்டினார்கள். மெரின் பார்த்திருக்கிறாள், மெரின் பார்த்ததைத்தான் எழுதுவாள் என்றார்கள். மூன்று வருடம் உழைத்து நான் சேர்த்த பெயர் மொத்தமும் அந்தப் பெண்ணின் தலையில் போய் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் மறுப்பு எழுதினேன். அந்தப் பதிவை வெள்ளிக்கிழமையே எழுதி வைத்தேன், அதில் உள்ள எதையும் நான் பார்க்கவில்லை, டீகன் மேடையில் சொன்னது முழு உண்மை என்று எழுதினேன். நான் எழுதியவற்றிலேயே மிக உண்மையான பதிவு அதுதான். சிநேகிதியைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்றார்கள். டேமியன் கொடுத்த அறையில் தூங்கியவள்தானே என்றார்கள். அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் போட்டேன். யாரும் படிக்கவில்லை. டேமியன் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்து ஒரு பத்தி வெளியிட்டான், தன்னையும் ஏமாற்றிவிட்டாள் என்று. அவனுக்கு நிறைய ஆறுதல் கிடைத்தது.

டீகனுக்கு வந்தவற்றை நான் திரும்ப எழுத மாட்டேன். பையனின் காலை உணவை விசாரித்த அதே விரல்கள்தான் அவற்றையும் எழுதின. புதன்கிழமை அவள் பிளாக்கை மூடிவிட்டாள். இரண்டு வருடக் கிண்ணங்களும், நிஜமாகவே அவன் சாப்பிட்டவையும், சேர்ந்து போயின.

தினம் போன் செய்தேன். எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் ஒருநாள் காலையில் எடுத்தாள். மன்னிப்புக் கேட்க மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். அவள் கேட்டாளா இல்லையா என்று தெரியவில்லை.

"இன்னும் ஆறரைக்கு முழிப்பு வந்துடுது மெரின்," என்றாள். "எந்திரிச்சு உக்காந்திருப்பேன். இப்ப யாருமே கேக்கறதில்ல."

வாய் தானாகக் கேட்டது.

"ஹேமிஷ் இன்னிக்கு என்ன சாப்ட்டான்?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். எவ்வளவு சாப்பிட்டான், எதை ஒதுக்கினான், மீதியை யாருக்குக் கொடுக்கச் சொன்னான், எல்லாம் சொன்னாள். நான் 'உம்' கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். 'கடைசி வரிசை'யில் அதற்குப் பிறகு நான் எதுவும் எழுதவில்லை. காலை ஆறரைக்கு நான் போன் செய்கிறேன், அவள் சொல்கிறாள். அவள் சொல்வதை மட்டும் நான் எங்கேயும் எழுத மாட்டேன்.